இளைப்பும் இளைப்பாறுதலும்

மாதந்தோறும் முதல் வெள்ளிக்கிழமை காலையில் நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்வது நமது பங்கில் நெடுநாளாக இருந்துவரும் வழக்கம். அதற்கென ஒரு சிறு குறிப்பேடு நமது மேசை இழுப்பறையில் உண்டு. வீட்டைவிட்டு வெளியே வர இயலாதவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். அதில் ஒரு பெயரைச் சேர்ப்பது எளிது. சேர்த்த பெயரை அடிப்பதற்கோ பெரும்பாலும் ஒரே காரணந்தான் உண்டு. அது என்னவென்று வாசகர்கள் அறிவார்கள். கடந்த சில ஆண்டுகளில் ஒரேயொரு பெயரை மட்டும் வேறு காரணத்துக்காக அடித்தோம். அப்பெயருக்கு உரியவரைப் பற்றியும், அவர் வழியாக நாம் கற்றுக்கொண்ட பாடத்தைப் பற்றியும் எழுத விழைகிறோம். அப்பாடத்தை நாம் சற்றுத் தாமதமாகவே கற்றோம் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டியிருக்கிறது.

சங்கரன்கோவில் விசைத்தறிகளின் ஊர். கோபுரத்தை நோக்கி வருகிறவர் கண்ணுக்கு அது ஆலயநகர். தெருக்களுக்குள் நுழைகிறவர் காதுக்கு அது தறிநகர். காலை முதல் இரவு வரை ஓயாத தறியோசைக்கு நடுவே பேசிப் பழகியவர்கள் ஆதலால், நமது மக்கள் வீட்டிலும் சற்று உரக்கவே பேசுவார்கள். நாம் சொல்லவந்த பெரியவரும் பதினைந்து வயதில் தறிக்குப் போனவர். பஞ்சுத்தூசி பறக்கும் கூடத்தில் நாற்பதாண்டுகளுக்கு மேல் நின்று உழைத்தவர். தறிக்குப் போன அதே வயதில் பீடியும் பிடிக்கத் தொடங்கினார். நல்ல உயரம், அகன்ற தோள். பங்குத் திருவிழாவில் சப்பரத்தின் முன்தண்டுக்கு அவர் தோள்தான் என்பது எழுதாத ஏற்பாடு. நாம் இப்பங்கிற்கு வந்த முதலாண்டில், சப்பரம் குறுகிய சந்தில் திரும்ப முடியாமல் நின்றபோது, "சாமி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று சொல்லி, முழுப் பாரத்தையும் தம் பக்கம் வாங்கித் திருப்பிவிட்டதை நாமே கண்டோம்.

2021-ஆம் ஆண்டு அவருக்கு அறுபத்தாறு வயது. அவ்வாண்டின் இறுதியில் அவர் பெயர் நமது குறிப்பேட்டில் ஏறியது. மூச்சுத் திணறல். வீட்டிலிருந்து கோவிலுக்குப் பதினொரு மின்கம்பங்களின் தூரமே. அதைக்கூட அவரால் நடந்து கடக்க இயலவில்லை. முதன்முறை நற்கருணை கொண்டு சென்ற அன்று, அவருடைய மனைவி வாசலில் நம்மை நிறுத்திச் சொன்னார்: "தோத்திரம் சாமி. இளைப்பு வந்ததுல இருந்து இவுக இளைச்சே போனாக. பாத்தா உங்களுக்கே அடையாளம் தெரியாது."

அவர் சொன்னது உண்மையே. கன்னங்கள் ஒட்டி, காறை எலும்புகள் துருத்தி, சப்பரம் சுமந்த தோள் சட்டை மாட்டும் கொக்கிபோல் ஆகியிருந்தது. ஆயினும் அந்த அம்மையார் சொன்ன சொற்களில் இருந்த ஒரு செய்தி அன்று நமக்கு எட்டவில்லை. இளைப்பு என்றால் மூச்சு வாங்குதல். இளைத்தல் என்றால் உடல் மெலிதல். இரண்டுக்கும் தமிழில் வேர் ஒன்றே. நமது முன்னோர் ஒரு வேரில் வைத்த இரண்டையும் நாம் இரண்டு வெவ்வேறு துன்பங்களாகப் பிரித்து எண்ணினோம். மூச்சுத் திணறல் நெஞ்சில் வந்த நோய் என்றும், மெலிவு முதுமையும் கவலையும் தந்தது என்றும் நினைத்தோம். அப்பிழையிலிருந்து மற்றப் பிழைகள் பிறந்தன.

மெலிவும் இருமலும் ஒருங்கே வந்தால் முதலில் காசநோய் இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும், புற்றுநோயையும் மறந்துவிடலாகாது. பெரியவருக்குச் சளிச் சோதனையும் ஊடுகதிர்ப் படமும் எடுத்துப் பார்த்ததில் காசநோய் இல்லை. பின்னர் ஒரு கருவிக்குள் பலமாக ஊதச் செய்து மூச்சின் வேகத்தை அளந்து, இது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார்கள். புகையும் தூசியும் ஆண்டுக்கணக்காகப் பட்டுப்பட்டு மூச்சுக்குழல்கள் தடித்துச் சுருங்குகின்றன. காற்றுப் பைகளின் சுவர்கள் சிதைகின்றன. உள்ளே போன காற்று முழுவதும் வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது. சிதைந்த நுரையீரலை முன்போல் ஆக்கும் மருந்து இன்றுவரை இல்லை. உள்ளிழுக்கும் மருந்துகள் குழல்களைத் தளர்த்தி மூச்சை எளிதாக்குகின்றன.

இது அரிய நோயன்று. உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 35 இலட்சம் பேர் இதனால் இறந்தனர். இந்தியாவில் 1990-இல் 2.8 கோடிப் பேருக்கு இருந்த இந்நோய் 2016-இல் 5.5 கோடிப் பேருக்கு இருந்ததாக மதிப்பிட்டுள்ளனர். புகைப்பவருக்கு மட்டுமே இது வரும் என்று எண்ணுவதும் தவறு. நம் நாட்டில் இந்நோய் விளைவிக்கும் கேட்டில் பாதிக்கு மேற்பட்ட பங்கு மாசடைந்த காற்றினுடையது என்றும், புகையிலையின் பங்கு கால்பகுதி என்றும் அதே ஆய்வு காட்டியது. அடுப்புப் புகையும் தெருப் புகையும் அந்த மாசில் அடங்கும்.

இனி, நமது பிழைக்கு வருவோம். நோயாளியைக் காணச் செல்லும் குருவானவர் ஆறுதல் சொல்லாமல் திரும்ப முடியாது. நாம் சொன்ன ஆறுதல் இதுதான்: "பெரியவரே, ஆயுள் முழுவதும் உழைத்தீர்கள். இனி இளைப்பாறுங்கள். கோவிலுக்கு வர இயலவில்லையே என்று வருந்த வேண்டாம். நாமே உம்மைத் தேடி வருகிறோம்." வீட்டாரிடமும், "அவரை அலையவிடாதீர்கள், படுத்திருக்கட்டும்" என்றோம். நல்லெண்ணத்தோடுதான் சொன்னோம். குருவானவர் சொன்ன சொல்லாயிற்றே! அவ்வீட்டில் அது சட்டமாயிற்று. மகன் ஒரு கட்டிலை வாங்கி வாசலருகே போட்டான். தண்ணீர்ச் செம்பும் அங்கேயே வந்தது. சோறும் அங்கேயே வந்தது. நாளடைவில் கழிவறைக்குச் செல்வது ஒன்றே அவர் கால்களுக்கு மிஞ்சிய வேலை.

2022-ஆம் ஆண்டின் தவக்காலம் வந்தது. பெரியவர் ஒருசந்தி விடாதவர். காலை உணவை நிறுத்தினார். நாற்பது நாளும் மீன், முட்டை, இறைச்சி தொடவில்லை. நண்பகலில் கஞ்சியும் துவையலும், இரவில் கொஞ்சம் அதுவே. இதை அவர் மனைவி நம்மிடம் முறையிட்டபோது நாம் என்ன செய்தோம் தெரியுமா? அடுத்த ஞாயிறு மறையுரையில், பெயர் சொல்லாமல் அவரைப் புகழ்ந்தோம்! நோயிலும் நோன்பு காக்கும் திடமனத்தை இளைஞர்கள் பின்பற்றுமாறு கேட்டுக்கொண்டோம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின்படி ஒருசந்திக் கடமை அறுபதாம் வயது தொடங்கும்போதே முடிந்துவிடுகிறது. நோயாளிகளை அது ஒருநாளும் கட்டுப்படுத்தியதில்லை. குருமடத்தில் படித்துத் தேர்ச்சி பெற்ற நாம் அறியாத செய்தி அன்று இது. அறிந்திருந்தும் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. புகழ்ந்த புகழ்ச்சி எவ்வளவு விலைக்கு வந்தது என்பது பின்னர்த் தெரிந்தது.

ஆடி மாதம் பிறந்தது. மேற்கேயிருந்து வீசும் காற்று தெருப்புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. பெரியவருக்குச் சளி கட்டிக் காய்ச்சல் கண்டு, ஓரிரவு உதடு நீலம் பாய்ந்தது. திருநெல்வேலிக்குக் கொண்டு சென்று ஒன்பது நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். நாமும் ஒருநாள் பார்க்கச் சென்றோம். அப்போது நெஞ்சக நோய் மருத்துவர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டபின், நாம் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். போர்வையை முழங்காலுக்கு மேல் ஒதுக்கித் தொடையைச் சுற்றி நாடா வைத்து அளந்தார். பிறகு பெரியவரைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, கையூன்றாமல் எழுந்து நிற்கச் சொன்னார். பெரியவர் முயன்றார், முடியவில்லை. இரண்டாம் முறையும் முடியவில்லை. சப்பரத்தை ஒற்றைத் தோளில் திருப்பியவர், தம் உடலைத் தாமே தூக்க இயலாமல் கட்டிலில் விழுந்ததைப் பார்த்தோம். அவருடைய எடை 41 கிலோ. ஈராண்டுக்கு முன்பு 58.

மருத்துவர் மகனைப் பார்த்துக் கேட்டார்: "இவரைப் படுக்கையிலேயே வைத்திருக்கச் சொன்னது யார்?"

மகன் நல்ல பிள்ளை. நம் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நாந்தான் சொன்னோம் என்று நாம் ஒப்புக்கொண்டோம். அம்மையார் சினம் கொள்ளவில்லை. "பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஃபாதர். கொஞ்சம் உட்காருங்கள்" என்று சொல்லி, கால்மணி நேரம் நமக்குப் பாடம் எடுத்தார். அதையும், பின்னர் நாம் படித்து அறிந்தவற்றையும் இயன்றவரை எளிமையாக எழுதுகிறோம்.

இந்நோய் நெஞ்சோடு நிற்பதில்லை. புகையால் புண்பட்ட நுரையீரலில் ஓயாமல் அழற்சி நிகழ்கிறது. அழல் என்றால் நெருப்பு. அழற்சி என்ற சொல் அதிலிருந்தே வந்தது. புண்ணை ஆற்றுவதற்காக உடல் மூட்டும் நெருப்பு அது. வேலை முடிந்ததும் அணைய வேண்டிய அந்நெருப்பு இந்நோயாளர் பலரிடம் அணைவதில்லை. அழற்சியின் தூதர்களான சில புரதங்கள் அவர்களுடைய இரத்தத்திலும் மிகுதியாகக் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்றின் கதை சுவையானது. கட்டிகளை அழிக்கும் ஒரு பொருளைப் பற்றி நியூயார்க்கில் சிலர் 1975-இல் எழுதினார்கள். நாள்பட்ட நோயில் உடலை உருக்கும் ஒரு பொருளை அதே நகரில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தார் தேடிப் பிடித்து, 'ககெக்டின்' என்று பெயரிட்டனர். கிரேக்கத்தில் 'ககோஸ்' என்றால் தீய, 'ஹெக்சிஸ்' என்றால் நிலை. நோயால் உடல் உருகுவதை மருத்துவர்கள் 'ககெக்சியா' என்பர். 1985-இல் பாய்ட்லர், செராமி ஆகிய இருவரின் குழு, இரண்டு பொருளும் ஒன்றே என்று கண்டறிந்தது.

இத்தகைய தூதர்கள் தசையை எப்படிக் கரைக்கின்றன? நம் உடலில் பழுதான புரதங்களை அகற்றுவதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. வெட்ட வேண்டிய மரத்துக்குக் காட்டிலாகாவினர் குறியிடுவதுபோல, அழிக்க வேண்டிய புரதத்தின்மீது உடல் ஒரு குறியை ஒட்டுகிறது. குறி ஒட்டப்பட்டதை வெட்டும் பொறி வெட்டுகிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 2004-இல் வேதியியல் நோபெல் பரிசு கிடைத்தது. அழற்சி நீடிக்கும்போது நல்ல தசைப் புரதத்துக்கும் குறி ஒட்டப்படுகிறது. வெட்டு கூடுகிறது, கட்டு குறைகிறது.

அழற்சி மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அடைபட்ட குழலில் மூச்சுவிடுவதே பெரும் உழைப்பு. படுத்திருக்கும்போதும் அவர் உடல் உழைத்து எரிசக்தியைச் செலவழிக்கிறது. வயிறு நிறைய உண்டால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு மூச்சு முட்டுகிறது; ஆகவே உணவு குறைகிறது. இரத்தத்தில் உயிர்வளி குறைவதும் தசையைக் கெடுக்கிறது. மூச்சுத் திணறலுக்குத் தரும் ஸ்டீராய்டு மாத்திரைகளை, சில நாள் என்று எழுதிய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விழுங்கினால், அவையே தொடைத் தசையைக் கரைக்கும். நமது பெரியவர் அதையும் செய்திருந்தார்.

எல்லாவற்றுக்கும் மேலான காரணம், அசையாதிருத்தல். 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், நலமாயிருந்த முதியோர் சிலரைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நலமுடையோர்க்குப் பத்து நாளில் இவ்வளவு! நோயுற்ற நமது பெரியவரை நாம் எட்டு மாதம் படுக்க வைத்திருந்தோம்.

இங்கே ஒரு சுழல் இருக்கிறது. நெடுநேரம் தளராமல் வேலை செய்யும் தசைநார்கள் வேறு. விரைவில் களைத்துவிடும் தசைநார்கள் வேறு. இந்நோயில் தொடைத்தசையின் முதல்வகை நார்கள் குறைந்து இரண்டாம் வகை மிகுகின்றன. அப்படிப்பட்ட கால் நாலடி நடந்ததுமே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கிறது; அதை ஈடுசெய்ய இன்னும் வேகமாக மூச்சுவிட வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்குவதால் உட்காருகிறார். உட்காருவதால் கால் மெலிகிறது. கால் மெலிவதால் முன்னிலும் மூச்சு வாங்குகிறது. இளைப்பினால் இளைத்தல், இளைத்ததனால் இளைப்பு. அந்த அம்மையார் வாசலில் நின்று ஒரே மூச்சில் சொன்ன சொல்லின் பொருள் அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

மருத்துவர் எழுந்து போகும்போது சொன்னது இன்றும் நம் காதில் ஒலிக்கிறது: "இவர் நுரையீரலை என்னால் புதிதாக்க முடியாது, ஃபாதர். கால்களை நீங்கள் எல்லாரும் சேர்ந்தால் ஓரளவு மீட்டுவிடலாம்."

நெஞ்சு நோய்க்கு ஓய்வே மருந்து என்ற எண்ணம் நம்மோடு பிறந்ததன்று. ஒரு காலத்தில் உலகமே அப்படி எண்ணியது. காசநோய்க்கு ஆண்டுக்கணக்கில் மலைவாச மருத்துவமனைகளில் படுக்க வைத்தார்கள். அந்த எண்ணத்தை அசைத்த இடம் நம் சென்னைதான் என்பது பலருக்குத் தெரியாது. 1956-இல் அங்கு நிறுவப்பட்ட காசநோய் ஆராய்ச்சி நிலையம், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவ இல்லத்தில் ஓய்வோடும், மற்றவர்களை அவரவர் நெருக்கடியான வீடுகளிலும் வைத்து ஒரே மருந்தைக் கொடுத்தது. ஓராண்டு முடிவில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே குணமடைந்தனர். 1959-இல் வெளியான அம்முடிவு உலகெங்கும் காச மருத்துவத்தை மாற்றியது. அந்நோய்க்கு மருந்து இருந்தது. நுரையீரல் அடைப்புக்கு அத்தகைய மருந்து இல்லை. ஆனால் படுக்கை மருந்தாகாது என்ற பாடம் இரண்டுக்கும் பொருந்தியது. நியூயார்க்கில் பராக் என்ற மருத்துவர் 1952-இலேயே மூச்சுத் திணறும் நோயாளிகளை நடக்கப் பழக்குமாறு எழுதினார். பின்னர் கொலராடோவில் பெட்டி என்பவர் அதை முறையான பயிற்சியாக வகுத்து 1969-இல் வெளியிட்டார். 2015-இல் 65 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபெற்ற 3,822 நோயாளிகளையும் ஒருசேர ஆராய்ந்தபோது, இப்பயிற்சி மூச்சுத் திணறலையும் களைப்பையும் குறைத்து நடைத்திறனைக் கூட்டுகிறது என்பது ஐயமறத் தெளிவாயிற்று.

உணவும் அவ்வாறே. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்து ஆய்வாளர் சோல்ஸ் குழுவினர், மெலிந்த நோயாளிகளுக்கு ஊட்டவுணவும் பயிற்சியும் தந்தனர். எட்டு வாரத்தில் 2 கிலோவுக்கு மேல் எடை கூடியவர்கள் மற்றவர்களைவிட நெடுநாள் வாழ்ந்ததை 1998-இல் அறிவித்தனர். இந்நோயாளர் எத்தனை காலம் வாழ்வார் என்று கணிக்கும் அளவுகோலில், 2004 முதல், ஊதும் திறனோடு உடல் எடையும் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரமும் மூச்சுத் திணறலின் அளவும் சேர்த்து எண்ணப்படுகின்றன.

பெரியவர் வீடு திரும்பினார். நாம் முதலில் செய்தது மன்னிப்புக் கேட்டது. அடுத்து, அவரிடம் கொஞ்சம் அதிகாரமாகவே பேசினோம்: "பெரியவரே, இனி உமக்கு ஒருசந்தி கிடையாது. அடுத்த தவக்காலத்தில் நாள்தோறும் இரண்டு முட்டை உண்பதே உமது தவம். இது பங்குக் குருவின் கட்டளை." அவர் சிரித்தார், சிரித்ததில் இருமினார். "முட்டை திங்கிறதும் ஒரு தவமா சாமி?" என்றார்.

பசியற்றவருக்கு அது தவமேதான். மருத்துவர் சொன்ன கணக்கு: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம். அவருக்கு 50 முதல் 60 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம் உண்டு; கஞ்சியிலும் துவையலிலும் எவ்வளவு இருந்துவிடும்? (சிறுநீரக நோயுள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் இக்கணக்கைக் கைக்கொள்ளலாகாது.) மூன்று வேளை உணவை ஆறாகப் பிரித்தார்கள். முட்டை, பாசிப்பயறு, சுண்டல், பால், கெட்டிப் பருப்பு. இடையிடையே கோவில்பட்டிக் கடலைமிட்டாய். பேரப்பிள்ளைகளுக்குக் கடைசியாகச் சொன்னதில் மிகுந்த ஆர்வம்!

பயிற்சிக்கு ஒரு வழி பிறந்தது. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வந்தார். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், தண்ணீர் நிரப்பிய அரை லிட்டர்ப் புட்டியைக் கையால் உயர்த்துதல், உதட்டைக் குவித்து மெல்ல மூச்சை வெளிவிடுதல் ஆகியவற்றைப் பழக்கினார். நடப்பதற்கு மின்கம்பங்களே அளவுகோல் ஆயின. முதல் வாரம் ஒரு கம்பம் வரை. அங்கே இளைஞர் மன்றத்துப் பிள்ளை ஒருவன் நாற்காலியோடு காத்திருப்பான். மூச்சு வாங்கும், அமர்வார், தணிந்ததும் திரும்புவார். மூச்சு வாங்குவதற்கு அஞ்ச வேண்டாம், பேச முடியாத அளவுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது அவருக்குச் சொல்லப்பட்ட விதி. நடைக்கு முன் உள்ளிழுக்கும் மருந்து. அதைப் பிடித்தால் விடமுடியாது என்று யாரோ சொன்னதை நம்பி அதுவரை பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்! பீடியை விடுவதற்கு மூன்று முறை முயன்றார். மூன்றாம் முறை விட்டது.

ஒரு முடிச்சு மட்டும் அவிழவில்லை. அவ்வீட்டின் அடுப்பு எரிவது அவர் மனைவி சுற்றும் பீடியால். சுளகை மடியில் வைத்து, இலை வெட்டித் தூள் வைத்துச் சுற்றிக் கொடுத்து வரும் கூலியில்தான் கணவருக்கு முட்டை வாங்குகிறார். "எந்த இலை இவுக நெஞ்ச எரிச்சுதோ, அந்த இலையில தான் சாமி இவுகளுக்கு மருந்து வாங்குறேன்" என்று அவர் ஒருநாள் சொன்னபோது நம்மிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை. தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்களின் நிலை இதுவே. நாம் செய்ய முடிந்தது ஒன்றுதான்: அந்த அம்மையாரையும் ஊதிப் பார்க்கச் செய்தோம். ஒருநாளும் புகைத்தறியாத அவருக்கும் குழலடைப்பு தொடங்கியிருந்தது. நாற்பதாண்டுகள் உடைமுள் எரித்த அடுப்படி! சென்னை இராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியினர் திருவள்ளூர் மாவட்டச் சிற்றூர்களில் புகைக்காத பெண்கள் 900 பேரைச் சோதித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், நூற்றுக்கு இருவருக்கு மேல் இந்நோய் இருந்தது. எரிவாயு அடுப்பு வீட்டில் இருந்தும், சிக்கனம் கருதி வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகடுப்பை மூட்டுகிற தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

மாதங்கள் கடந்தன. ஒரு கம்பம் மூன்றாயிற்று; மூன்று ஐந்தாயிற்று. மார்கழிப் பனியில் மீண்டும் சளி கண்டு இரண்டுக்கு இறங்கியது, மறுபடி ஏறியது. எடை 41-இலிருந்து 45-க்கு வந்தது. 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் 9, உயிர்ப்புப் பெருவிழா. காலைத் திருப்பலி தொடங்கச் சற்றுமுன், கோவில் முற்றத்தில் ஒரு சலசலப்பு. பெரியவர் வந்துகொண்டிருந்தார். மூன்று இடங்களில் நின்று, இரண்டு இடங்களில் உட்கார்ந்து, பதினொரு கம்பங்களையும் தம் கால்களாலேயே கடந்து வந்துவிட்டார். கடைசி இருக்கையில் அமர்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர், நாம் அருகில் சென்றதும் கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுக்குமாறு சைகை காட்டினார். மூச்சு தணிந்தபின் சொன்னார்: "சாமி, அந்த நோட்டுல இருந்து எம் பேர அடிச்சிருங்க."

அன்று மாலையே அடித்தோம்.

அவர் குணமாகிவிட்டார் என்று எழுத மாட்டோம். ஊதிப் பார்க்கும் சோதனையில் அவருடைய எண் முன்பிருந்த இடத்திலேயே நிற்கிறது. சப்பரத்தை அவர் இனித் தூக்கப்போவதில்லை. சென்ற திருவிழாவில் அது அவர் வாசலைக் கடந்தபோது, முன்தண்டின்மேல் கைவைத்தவாறு ஒரு கம்ப தூரம் உடன் நடந்து வந்தார், அவ்வளவுதான். குளிக்கும்போது பிறர் கையை எதிர்பாராமல் இருக்கிறார். தறிக்கூடத்துக்குப் போய்ப் பழைய தோழர்களோடு வாசலில் நின்று பேசிவிட்டு வருகிறார். அவரைப் போன்ற ஒருவருக்கு இது சிறிய காரியமன்று.

அன்பார்ந்த வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் இளைப்பு நோயுற்ற ஒருவர் இருக்கலாம். அவருடைய சட்டை தொளதொளத்துப் போயிருந்தால் வயதாகிவிட்டது என்று சொல்லி விட்டுவிடாதீர்கள். எடையைப் பாருங்கள், காரணத்தை மருத்துவரிடம் கேளுங்கள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்று கவனியுங்கள். தட்டில் முட்டையோ பயறோ இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் இசைவு பெற்று நாள்தோறும் சில அடிகளாவது நடக்கத் துணை செல்லுங்கள். அன்பின் மிகுதியால் அவரைக் கட்டிலோடு கட்டிவிடாதீர்கள்.

இளைப்பு, இளைத்தல் என்பவற்றோடு இளைப்பாறுதல் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். சுமை சுமந்து சோர்ந்தவருக்கு வாக்களிக்கப்பட்ட அந்த இளைப்பாறுதலை நாம் அன்று படுக்கை என்று தவறாகப் புரிந்துகொண்டோம். இளைப்பு ஆறுவதே இளைப்பாறுதல். அது கட்டிலில் ஆறவில்லை. தெருவில், ஐந்தாம் கம்பத்தடியில், ஒரு சிறுவன் பிடித்துக்கொண்டிருந்த நாற்காலியில் ஆறியதை நாம் கண்ணாரக் கண்டோம்.